மகள் கூட்டிப்போன சாப்பாட்டுக் கடை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 58 வயது. பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை. மகளுக்கு லியோனில் வேலை. "அம்மா, ஒருநாள் என்னோடு சும்மா சுற்ற வாங்கோ" என்று டிக்கெட் எடுத்து அனுப்பினாள். அதிவேக ரயிலில் இரண்டு மணித்தியாலம்தான்.

காலையில் எல்லாம் நல்லாத்தான் போனது. மலையேறும் குட்டி ரயிலில் ஃபூர்வியேர் தேவாலயத்துக்குப் போனோம். நாங்கள் சைவம்தான், ஆனாலும் மாதாவைக் கண்டால் கும்பிடாமல் வரமாட்டோம். மெழுகுதிரி வாங்கிக் கொளுத்தினேன். கீழே சோன் ஆறும் ஓட்டுக் கூரைகளும் தெரிந்தன. பக்கத்தில் ரோமர் காலத்துக் கல் அரங்கம். அந்தப் படியில் கனநேரம் இருந்து கதைத்தோம். பிறகு பழைய நகரத்துக்கு இறங்கி, வீடுகளுக்கு ஊடாக ஒரு தெருவிலிருந்து மறுதெருவுக்குப் போகும் 'திராபூல்' வழிகளில் நடந்தோம்.

மத்தியானம் 'பூஷோன்' என்கிற சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனாள். மெனு அட்டையில் பாதி விளங்கவில்லை. ஆளுக்கு 30 யூரோ கிட்ட வரும். ஊருக்கு அனுப்பினால் அது எவ்வளவு காசு! பரிமாற வந்த பெண்ணோடு மகள் சிரித்துக் கதைத்து, எனக்கும் சேர்த்துச் சொன்னாள். எனக்கு நெஞ்சு படபடத்தது. மீனில் செய்த 'கெனெல்' வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு சரியில்லை, போவோம் என்றேன். பிள்ளையின் முகம் வாடிப் போச்சு.

இப்போது திரும்ப வரச் சொல்கிறாள். ஒரு இடத்தில் சும்மா இருந்து சாப்பிட ஏலாத ஆளாகிவிட்டேனா? சின்னவளாக இருக்கும்போதே, வதிவிட அட்டை கொடுக்கும் அரச அலுவலகமான பிரிபெக்சருக்கு என்னோடு வந்து எல்லாம் மொழிபெயர்த்த பிள்ளை. அவளை நோகடிக்க மனமில்லை.

— ஓர் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

சும்மா இருக்க உங்களுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கல் படியில் கனநேரம் இருந்திருக்கிறீர்கள். காசும் முழுக் காரணமில்லை. மெழுகுதிரி என்ன விலை என்று நீங்கள் எழுதவே இல்லையே!

அப்படியானால் அந்த மேசையில் என்ன நடந்தது? கையில் விளங்காத அட்டை, பதிலுக்குக் காத்து நிற்கும் ஆள், உங்களுக்காகப் பேசும் மகள். கடிதத்தின் கடைசியில் பிரிபெக்சர் கதை தானாக வந்து விழுகிறது. பெற்றவருக்குப் பிள்ளை வாயாக இருக்க வேண்டி வந்த வீடுகளில் பெருமையும் கூச்சமும் சேர்ந்தே இருக்கும். பெருமையை வெளியே சொல்வோம், கூச்சத்தை விழுங்கிவிடுவோம். அன்று உங்கள் தொண்டையில் நின்றது அதுதானோ என்று தோன்றுகிறது. இது என் ஊகம்தான், சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போய் வாருங்கள். ஆனால் போகுமுன் மகளிடம் இதை ஃபோனில் சொல்லிவிடுங்கள். விலை பிடிக்காமல்தான் எழும்பினீர்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். மெனுவை முதல்நாளே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் இருந்து ஆறுதலாக வாசிக்கலாம். கடையில் ஒன்றை மட்டும் நீங்களே கேளுங்கள்: "யுன் கராஃப் தோ, சில் வூ ப்ளே." குழாய்த் தண்ணீர்தான், அதற்குக் காசில்லை. பில்லில் சேவைக் கட்டணமும் சேர்ந்தே இருக்கும், டிப்ஸ் எவ்வளவு வைப்பது என்று முழிக்க வேண்டாம்.

இன்னொன்று. லியோன் சமையலுக்குப் பேர் வாங்கித் தந்தவர்களில் பலர் பணக்கார வீடுகளில் சமைத்துவிட்டுத் தனியாகக் கடை போட்ட பெண்கள். 'மேர்', அதாவது அம்மா என்றுதான் அவர்களைக் கூப்பிட்டார்கள். வீட்டு வேலைக்காரியாக இருந்த யூஜெனி பிராஸியே 1921இல் கடை திறந்து, 1933இல் தன் இரண்டு உணவகங்களுக்கும், மிஷலன் வழிகாட்டி நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்குத் தரும் நட்சத்திரம் மூன்று மூன்று வாங்கினார். கை வேலை செய்து பிழைக்கும் பெண் கூசிக்கொண்டு உட்கார வேண்டிய ஊரில்லை அது.

கடையே வேண்டாம் என்றாலும் சரி. தெத் தோர் பூங்கா 117 ஹெக்டேர், நுழைவுக் கட்டணம் கிடையாது. 'பிராலின் டார்ட்' என்கிற ரோஸ் நிற இனிப்புப் பண்டம் இரண்டு வாங்கிக்கொண்டு புல்லில் உட்காரலாம். அதற்கு மட்டும் காசு நீங்கள் கொடுங்கள். எந்நேரமும் வாங்கிக்கொள்பவராகவே இருப்பதும் களைப்புத்தான்.

படபடப்பு மெத்ரோவிலோ வேலையிடத்திலோகூட வருகிறது என்றால் குடும்ப மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

அப்புறம் அந்த கெனெல். ஆற்று மீனை மாவும் முட்டையும் வெண்ணெயும் போட்டு மசித்து அவித்தது, உறைப்பு மருந்துக்கும் இருக்காது. பிடிக்கவில்லை என்றால் மகளிடம் அதையும் சொல்லலாம்.