சாமி இல்லாமல் துக்கம் எப்படி?

கும்பகோணம் பள்ளித் தீ மாதிரி ஒன்று நடந்தால், பிரார்த்தனை செய்யாத நீங்களெல்லாம் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழுவோம். அதற்குச் சாமி தேவையில்லை.

2004 ஜூலை 16 அன்று அங்கே 94 குழந்தைகள் இறந்தார்கள். "எல்லாம் விதி, சாமி கூப்பிட்டுக்கிச்சு" என்றார் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. ஆறுதலுக்குச் சொன்னதுதான், நானும் வாதாடவில்லை (துக்கத்தில் இருப்பவரிடம் வாதாடுவது நாத்திகம் இல்லை, திமிர்). ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. சமையல் நடந்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது, பிள்ளைகளை அடைத்து வைத்த மாதிரி வகுப்புகள், குறுகலான படி, இதில் விதி எங்கே வந்தது? எங்களுக்குத் துக்கத்தோடு இந்தக் கோபமும் சேர்ந்தே வரும். பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரிக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டதே அப்புறம்தான்.

சரி, சடங்கே வேண்டாமா? வேண்டும். பெரியார் வழியில் நிற்கும் வீடுகளில் திதி கிடையாது, படத்திறப்பு உண்டு, நினைவேந்தல் கூட்டம் உண்டு. இறந்தவரைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள், பாதியில் தொண்டை அடைத்து உட்கார்ந்துவிடுவார்கள்.

வருஷா வருஷம் ஜூலை 16இல் பெற்றோர்கள் அந்தப் பள்ளி முன்னால் படங்கள் வைத்துப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அவர்கள் கும்பிடுவார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன், ரெட்டைச் சடை, நெற்றியில் பொட்டு, கேமராவைப் பார்த்து முறைப்பு. 94 முகங்களைப் பார்த்து முடிக்க வெகுநேரமாகிறது.