பூச்சிமருந்து ஆய்வாளர்களின் பயிற்சிக்கு அரசு தனியாக நிதி ஒதுக்குவது வீண் செலவா?

வேளாண் பட்டதாரிகளைத்தானே, கடைகளில் மருந்து மாதிரி எடுத்துத் தரத்தைக் கண்காணிக்கும் பூச்சிமருந்து ஆய்வாளர்களாக நியமிக்கிறார்கள், அவர்களுக்கு மறுபடியும் பயிற்சி எதற்கு, அந்தப் பணத்தில் விவசாயிகளுக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுக்கலாமே என்பது உங்கள் கேள்வி. வேளாண்மைத் துறையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வீண் செலவு இல்லை. ஆனால் இப்போது அந்தப் பணம் பெரும்பாலும் தவறான இடத்தில் செலவாகிறது என்பது என் கருத்து.

வேளாண் கல்லூரியில் பூச்சியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் நன்றாகவே கற்பிக்கிறார்கள். ஆய்வாளரின் வேலையில் பாதி சட்ட வேலை என்பதை மட்டும் அங்கே யாரும் சொல்வதில்லை. பூச்சிக்கொல்லிகள் சட்டம், 1968-இன் 22-ஆம் பிரிவின்படி, கடையில் எடுக்கும் மாதிரியை விற்பனையாளரின் கண்ணெதிரே மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முத்திரையிட்டு, அவரும் தம் முத்திரையை வைக்க விரும்பினால் அதற்கு இடம் கொடுத்து, ஒரு பங்கை அவரிடமே தந்து, இன்னொன்றை ஆய்வகத்தில் சோதிக்கும் பகுப்பாய்வாளருக்கு அனுப்பி, மூன்றாவதை நீதிமன்றத்துக்கென வைத்திருக்க வேண்டும். படிக்கும்போது எளிதாகத் தெரியும். சந்தை நாளில், கூட்டம் நிறைந்த கடையில், அரக்கு உருக்கிக்கொண்டே தொகுதி எண்ணையும் காலாவதி தேதியையும் இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு எழுதும்போதுதான் அதன் கஷ்டம் புரியும். நான் பணியாற்றிய மாவட்டத்தில், மருந்து தரமற்றது என்று ஆய்வக அறிக்கை தெளிவாகச் சொல்லியும், முத்திரை வைக்க விற்பனையாளருக்கு வாய்ப்பளித்ததாக, மாதிரி எடுத்த இடத்தில் எழுதிய மகஜரில் ஒரு வரி இல்லாததைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்ட கேள்விகளுக்கு, அந்த இளம் அலுவலரால் பதில் சொல்ல முடியவில்லை. மருந்தின் தரத்தைப் பற்றி நீதிமன்றத்தில் பேச்சே எழவில்லை.

காலக்கெடு இன்னொரு கண்ணி. பகுப்பாய்வாளர் 30 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதை மறுக்க விரும்புபவர் நகல் கிடைத்த 28 நாளுக்குள் தெரிவித்து, ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய பூச்சிக்கொல்லி ஆய்வகத்தில் மறு ஆய்வு கோரலாம். கோப்பு மேசை மேசையாக நகர்வதற்குள் மருந்தின் ஆயுட்காலம் முடிந்துவிட்டால், மறு ஆய்வுக்கான அந்த உரிமையே பறிபோனதாகிவிடும். ஹரியானா அரசு தொடர்ந்த ஒரு வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்தை ஏற்றுத்தான் வழக்கு நிற்காது என்றது. ஆகவே காலாவதிக்குச் சில வாரங்களே இருக்கும் புட்டியில் மாதிரி எடுத்தால் அந்த வழக்கு பெரும்பாலும் வீண்தான். இதை ஒருவர் தம் முதல் மாதிரியை எடுக்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

ஹைதராபாத்தின் ராஜேந்திரநகரில் உள்ள தேசிய தாவர நல மேலாண்மை நிறுவனம் ஆய்வாளர்களுக்கும் பகுப்பாய்வாளர்களுக்கும் தங்கிப் படிக்கும் பயிற்சிகளை நடத்துகிறது. அங்கே அனுப்பினால் பயன் உண்டு. அனுப்புவதில்தான் சிக்கல். பயணப்படிக்கு நிதித் தலைப்பு தேட வேண்டும். பயிற்சிக்குப் போனவர் இல்லாத நாள்களில் உரம், விதை, பூச்சிமருந்து மூன்றையும் பார்க்க மாற்று ஆள் கிடையாது. பயிற்சி முடித்துத் திரும்பியவரைச் சில மாதங்களில் வேறு திட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள், அந்த இடத்துக்கு வருபவர் முதலிலிருந்து தொடங்குவார். ஆய்வகத்துக்குக் கருவி வாங்கப் பணம் கேட்டால் ஓரளவு எளிதில் கிடைக்கும், ஏனெனில் அதைத் திறந்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். அதை இயக்குபவரின் பயிற்சி ஆண்டுதோறும் வரும் செலவு என்பதால், சிக்கன நடவடிக்கை என்றதும் முதலில் வெட்டுவது அதைத்தான். எனவே தனி ஒதுக்கீடு என்றால் அதில் பயணமும் மாற்று ஆளும் அடங்க வேண்டும். பயிற்சி பெற்றவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் அதே பிரிவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டும்.

கையுறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இறந்து, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனபோது, பாதுகாப்பு உடை இல்லாததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் கடும் நச்சு என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு முக்கோணம் போட்ட மருந்தைக் கைக்கு வந்தபடி கலந்து அடிக்கச் சொல்லும் கடைக்காரரைக் கையுறை தடுக்காது. அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் ஆய்வாளருக்குத்தான் இருக்கிறது.

பயிற்சிக்கான பணத்தை மருந்து நிறுவனங்களிடமே வாங்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். விடுதிக் கூட்டத்தில் ஒரு நிறுவனம் மதிய உணவும் பையும் கொடுத்து நடத்தும் வகுப்பில் உட்கார்ந்தவர், அடுத்த வாரம் அதே நிறுவனத்தின் சரக்கில் மாதிரி எடுப்பது யாருக்கும் சங்கடமே. அமெரிக்காவில் மாநிலப் பூச்சிமருந்து அலுவலர்களுக்கான வகுப்புகளுக்கு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நிதி கொடுக்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் அவற்றை நெடுங்காலம் நடத்தியது. நம் மாநிலங்களிலும் விற்பனை உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கைச் சட்டப்படி பயிற்சிக்கென ஒதுக்கலாம். அப்போது பணம் வணிகத்திலிருந்தே வந்தாலும் கருவூலம் வழியாக வரும். வகுப்பில் யார் பேசுவது என்பதைத் துறையே தீர்மானிக்கும்.