அப்பா சிறையில் இருக்கும் பையனை வைத்துக்கொண்டு கடல் பாடம் நடத்துவது எப்படி?

பாக் விரிகுடாக் கரையிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார்: "எட்டாம் வகுப்பில் பாதிக்கு மேல் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கடலைப் பற்றி ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஆசை, ஆனால் தனி பீரியடு கிடையாது. ஒரு பையனின் அப்பா எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார். விசைப்படகு வீட்டுப் பிள்ளையும் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில். இங்கே கடல், அமைதி என்று எப்படி ஆரம்பிப்பது?"

அப்படி ஆரம்பிக்காதீர்கள். அமைதி என்ற சொல்லை முதல் இரண்டு மாதம் எடுக்கவே வேண்டாம். கடலின் தரையில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். சண்டைக்கான காரணம் அங்கேதான் கிடக்கிறது.

மேல்தண்ணீர் உங்கள் பிள்ளைகளுக்கு அத்துப்படி. பாக் கடல் பெண் கடல், மன்னார் வளைகுடா ஆண் கடல் என்று வீட்டில் கேட்டே வளர்ந்திருப்பார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று கரும்பலகையில் எழுதுங்கள். எந்த மாதம், எந்தத் திசை, அப்போது என்ன மீன் படும் என்று தாத்தாவிடம் கேட்டு வரட்டும். சமூக அறிவியலுக்கும் ஆயிற்று, தமிழுக்கும் ஆயிற்று. பீரியடு கவலை பாதி தீர்ந்தது.

அடியில் இருப்பதுதான் தெரியாது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. வெளிச்சம் தரைவரை போவதால் கடல்புல் செழிக்கிறது. அது பாசி இல்லை, பூத்துக் காய்க்கும் செடி என்று சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சும் நிமிரும். இறால் குஞ்சு ஒளிந்து வளர்வது அந்தப் புல்லில். கடற்பசு மேய்வதும் அதையே. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. விசைப்படகு இழுக்கும் இழுவலை அந்தத் தரையை உரசிக்கொண்டு போனால் என்னவாகும் என்று நீங்கள் கேட்க வேண்டாம். படம் வரைந்து முடிப்பதற்குள் ஒரு பிள்ளை கேட்டுவிடும்.

கணக்குப் பாடத்துக்குச் சங்காயம் இருக்கிறது. கோழித்தீவனத்துக்குப் போகும் அந்தப் பொடிமீனில் ஒரு கிலோ வாங்கி, முள்ளும் விஷமும் உள்ளதை நீங்களே முதலில் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியை இனம் பிரித்து அளக்கச் சொல்லுங்கள். அதில் எத்தனை குஞ்சு? வளர்ந்திருந்தால் ஏலத்தில் என்ன விலை போயிருக்கும்? விசைப்படகு வீட்டுப் பிள்ளை இதில் தலைகுனிந்துவிடக் கூடாது. ஆகவே மறுநாளே டீசல், ஐஸ், கடன், பங்கு என்று ஒரு நடைக்கான செலவுக் கணக்கையும் போடுங்கள். இந்த இரண்டாம் கணக்கை விட்டுவிட்டால் முதல் கணக்கைத் தொடவே வேண்டாம் என்பேன்.

அப்புறம் எல்லை. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் வகுத்த கோட்டை வரைபடத்தில் போடுங்கள். 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் பிளாஸ்டிக் குருணை தனுஷ்கோடியிலும் ஒதுங்கியது, இலங்கையின் மன்னார்ப் பக்கமும் ஒதுங்கியது. அதன் வழியையும் அதே படத்தில் வரையட்டும். உலகில் இருப்பது ஒரே பெருங்கடல் என்பதுதான் கடல்சார் அறிவின் ஏழு கொள்கைகளில் முதலாவது. அமெரிக்காவில் வகுத்ததை இன்று யுனெஸ்கோ பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறது. அதை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், ஒரு சல்லடையோடு மணலில் உட்கார வையுங்கள்.

இதெல்லாம் ஆனபிறகு மூன்று பாத்திரங்களை வைத்து ஒரு சின்ன நாடகம்: விசைப்படகுக் கூலியாள், நாட்டுப்படகுக்காரர், போர்க் காலம் முழுக்கக் கடலுக்குப் போகத் தடைகளைச் சந்தித்து, 2009க்குப் பிறகு வலை வாங்கி, அதை இழுவலையில் பறிகொடுத்த மன்னார் மீனவர். இலங்கை 2017இல் இழுவலையைச் சட்டப்படி தடை செய்த கதையும் இங்கே வரும். பட்டிமன்றம் வைத்துவிடாதீர்கள், நமக்கு எதற்கெடுத்தாலும் அதுதான் தோன்றும். யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிட்டு, நாளை காலை இவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பத்து நிமிடத்தில் பாத்திரங்களை மாற்றுங்கள். நாட்டுப்படகுப் பிள்ளை விசைப்படகுக் கூலியாளாகப் பேச வேண்டும்.

அந்தப் பையனுக்கு எந்த வேடமும் வேண்டாம். கைது, சிறை இரண்டும் நாடகத்தில் வரவே கூடாது. முதலில் அவன் அம்மாவைப் பார்த்து, இப்படி ஒரு பாடம் நடக்கப் போகிறது என்று சொல்லிவிடுங்கள். அவர் தயங்கினால் அந்த ஒரு வகுப்பைத் தள்ளிப்போடுங்கள். புல்லும் மீனும் காற்றும் நிற்க வேண்டியதில்லை. அவனாகப் பேசினால் கேளுங்கள், வகுப்பு முன்னால் பேசச் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று: விசைப்படகுகளின் தடைக்காலம் ஜூன் 14 வரை. பள்ளி திறந்த வாரமே அப்பாக்களை வகுப்புக்கு அழைத்துவிடுங்கள். 15ஆம் தேதிக்கு மேல் ஆள் கிடைக்கமாட்டார்கள்.