நிற்பவர், அமர்ந்தவர், மூடிய முகங்கள்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1818-இல் பென்சிலால் வரைந்த ஸ்தமாத்தி குடும்பப் படத்தைச் செல்பேசியில் பார்த்தேன். அம்மா உட்கார்ந்திருக்கிறார், அப்பா நிற்கிறார். வீட்டில் அவர் அடங்கிப்போனவர் என்று தோன்றியது. ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை, ஏதோ மனக்கசப்பு. என் வாசிப்பு சரியா? இப்படி வரைய எந்தப் பென்சில் நல்லது?

அன்புள்ள நண்பருக்கு,

பென்சிலை முதலில் முடித்துவிடுவோம். எச்பி ஒன்று, 2எச் ஒன்று, இரண்டையும் ஊசியாகச் சீவிக்கொள்ளுங்கள். அழுத்திக் கருமை ஏற்றினால் அந்த இடம் மினுமினுக்கும், தாள் குழியும், ரப்பரால் அழித்தாலும் வடு போகாது.

மனக்கசப்பையும் விட்டுவிடுங்கள். கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் எல்லோரும் கேமராவைத்தான் பார்க்கிறார்கள். அதற்காகப் பாகப்பிரிவினை நடந்துவிட்டதா? படத்துக்கு உட்காருபவர் ஓவியரைப் பார்ப்பார், நேரமாக ஆகக் கழுத்து விறைக்கும்.

‘அடங்கிப்போனவர்’ என்றீர்களே, அதை மட்டும் விடமாட்டேன். அந்தச் சொல் படத்திலிருந்து வரவில்லை, நம் திண்ணையிலிருந்து வந்தது. பண்ணையார் திண்ணையில் இருப்பார், குத்தகைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். நின்றாலே பணிவு என்று நம் கண் பழகிவிட்டது. அக்கால ஐரோப்பிய வரவேற்பறையிலோ பெண்ணுக்கு இருக்கை தந்துவிட்டு ஆண் நிற்பது மரியாதை. அங்கே அவர் வீட்டுக்காரராக நிற்கிறார்.

நிற்கிறாரா என்று கேட்காதீர்கள், எப்படி நிற்கிறார் என்று கேளுங்கள். உடம்பின் பாரம் இரண்டு காலிலும் சமமாக விழுந்து, கைகள் முன்னால் கோத்து, தலை சற்று முன்னே வந்திருந்தால் அவர் உத்தரவுக்குக் காத்திருப்பவர். பாரம் ஒரு காலில் சாய்ந்து மறுகால் தளர்ந்திருந்தால் அந்த இடம் அவருடையது. அடுத்து கை. நாற்காலி முதுகின்மேல் சாதாரணமாகக் கை போடுபவர் வேலைக்காரராக இருக்க முடியாது. பிறகு, யாருடைய உருவம் யாரை மறைக்கிறது? இருவருக்கு நடுவே எத்தனை தலை அகலம் வெற்றிடம்? இதையெல்லாம் முகங்களைத் துண்டுக் காகிதத்தால் மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். காகிதத்தை எடுத்தபின் உடம்பு சொன்னதற்கு எதிராக முகம் பேசினால், இறுக்கம் என்று அதைச் சொல்லுங்கள். நீங்கள் முகத்தில் தொடங்கி முகத்திலேயே முடித்துவிட்டீர்கள். சினிமா பார்த்துக் கெட்ட கண்!

இன்னொன்று. பென்சில் எங்கே அதிக நேரம் தங்கியது என்று பாருங்கள். ஆங்க்ர் முகத்தை நுணுக்கமாக நிழலிட்டு முடிப்பார், மேல்கோட்டையும் பாவாடையையும் ஓட்டமான கோடுகளில் விட்டுவிடுவார். இந்த ஏற்றத்தாழ்வைச் செல்பேசி தின்றுவிடும். சிறிய படத்தில் மெல்லிய கோடு காணாமல் போகும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்.

படத்துக்கு வெளியேயும் ஓர் இறுக்கம் உண்டு. நெப்போலியன் ஆட்சி விழுந்ததும் ரோமில் ஆங்க்ருக்குப் பிரெஞ்சு அதிகாரிகளின் ஆதரவு போயிற்று. தன்னை வரலாற்று ஓவியராக மதித்த மனிதர், வயிற்றுப்பாட்டுக்கு இப்படிப் பென்சில் படங்கள் வரைந்தார்.

அது கிடக்கட்டும். கடிதம் முழுக்கத் தேடினேன், பியானோவைப் பற்றி ஒரு வரி இல்லை! அறையில் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பொருள், அதனருகே மகள். அந்த வீட்டுச் சிறுவன் காமில் பின்னாளில் பியானோ கலைஞராகி, புகழ்பெற்ற இசையமைப்பாளர் சேன்-சான்ஸுக்கே கற்றுக்கொடுத்தார். முகங்களை மூடிவிட்டு இன்னொரு முறை பாருங்கள், பியானோவிலிருந்து தொடங்கி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.