ஏட்டுக்குக் கீழே நடக்கும் விருந்து: 22ஆம் எண் முள்ளில் மிட்ஜ் கட்டுவது எப்படி?

கேள்வி: டென்வரில் வசிக்கிறேன். ஃப்ளை ஃபிஷிங், அதாவது போலிப் பூச்சியைக் காட்டி மீன் பிடிப்பது, பழகி இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வருடமாக ஃப்ளைகளை (முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சிகளை) நானே கட்டுகிறேன். பிப்ரவரியில் சவுத் பிளாட் ஆற்றில், டெக்கர்ஸ் பக்கம், ஏழெட்டு ட்ரவுட் மீன்கள் கண்ணெதிரே மேலே வந்து வந்து எதையோ தின்றுகொண்டிருந்தன. என்னுடைய 18ஆம் எண் முள்ளில் கட்டிய ஆடம்ஸ் என்ற மிதக்கும் ஃப்ளையை ஒரு மீன் ஓரடி தூரம் பின்தொடர்ந்து வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. மற்றவை சீண்டவே இல்லை. அவை தின்றது மிட்ஜ் என்ற குட்டிப் பூச்சி என்றார் பக்கத்தில் நின்றவர். வீட்டுக்கு வந்து 22, 24ஆம் எண் முள்ளில் (எண் கூடக் கூட முள் சிறிது) கட்ட உட்கார்ந்தால் நூல் அறுகிறது, முள்ளின் காது அடைத்துக்கொள்கிறது. எதைக் கட்டுவது, எப்படிக் கட்டுவது?

பதில்: பக்கத்தில் நின்றவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். சீஸ்மன் அணைக்குக் கீழே அந்த ஆற்றில் குளிர்காலம் முழுக்க மிட்ஜ்தான் முக்கிய உணவு. மற்ற பூச்சிகள் வசந்தத்துக்குக் காத்திருக்கும்போது இது மட்டும் நண்பகல் வெயிலில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். பார்க்கக் கொசு மாதிரி இருக்கும், கடிக்காது. சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வாங்கியிருந்தால் ‘ப்ளட் வார்ம்’ என்று ஒரு சிவப்புப் புழுவைத் தீனியாகக் கொடுத்திருப்பார்கள். அது இந்தக் குடும்பத்துப் புழுதான். ஹீமோகுளோபின் இருப்பதால் சிவப்பு. எல்லாப் புழுவும் சிவப்பில்லை. வெளிர்பச்சை, சாம்பல், பால் நிறம் என்று பல உண்டு.

கட்டுவதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த மீன்கள் மேலே வந்தபோது மூக்கு தெரிந்ததா, முதுகும் வாலும் மட்டும் தெரிந்தனவா? மூக்கு வெளியே வந்து, தண்ணீரில் ஒரு குமிழி மிதந்து நின்றால், சிறகு முளைத்த பூச்சியை மேலிருந்து எடுத்திருக்கிறது. வாயோடு காற்றும் உள்ளே போனதால்தான் குமிழி. முதுகு மட்டும் சோம்பலாக உருண்டு மறைந்தால், அது தின்பது மேற்பரப்புக்கு ஒரு விரற்கடை கீழே இருக்கும் கூட்டுப்புழுவை.

காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல நீருக்கும் மேலே ஒரு ஏடு உண்டு. நமக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் ஒரு மிட்ஜ் கூட்டுப்புழுவுக்கு அது கூரை. அடியிலிருந்து மெல்ல மிதந்து வந்து, அந்தக் கூரையில் முட்டி, தொங்கிக்கொண்டே தோலை உரித்து வெளியே வர வேண்டும். அந்த நேரத்தில் அதனால் ஓட முடியாது. ட்ரவுட்டுக்கு அதைவிடச் சுலபமான சாப்பாடு கிடையாது. ஒரே மாதிரி தீனி நூற்றுக்கணக்கில் மிதந்து வரும்போது, அளவிலும் உருவத்திலும் மாறுபட்ட எதையும் மீன் உணவாகவே எண்ணுவதில்லை. மெதுவாக ஓடும் நீர் என்றால் உற்றுப் பார்க்க அதற்கு நேரமும் உண்டு. உங்கள் ஆடம்ஸ் மேலே மிதந்தது, இரண்டு மடங்கு பருமனாகவும் இருந்தது. மீன் திரும்பியதில் ஆச்சரியமில்லை.

ஆகவே முதலில் கட்ட வேண்டியது கூட்டுப்புழு. பலரும் சிறிய ஃப்ளை என்றதும் கண், கால், சிறகு என்று எல்லா நுணுக்கத்தையும் அதில் திணிக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். அளவு சரியாக இருக்கட்டும், உடல் மெலிதாக இருக்கட்டும். நிறம் அதற்குப் பிறகுதான். கொலராடோவின் ரிம் சங் இதே ஆற்றுக்காகக் கட்டிய ஆர்எஸ்2 என்ற ஃப்ளை இன்றைக்கும் ஓடுவதற்குக் காரணம் அதில் இருக்கும் பொருள்கள் அல்ல, இல்லாத பொருள்கள்.

முள்: குட்டைத் தண்டும் அகன்ற வாயும் உள்ள வளைந்த முள், டீம்கோ 2488 போன்றது, 22ஆம் எண். தண்டு குட்டையாக இருப்பதால் ஃப்ளை சிறியதாக அமையும். வாய் அகலமாக இருப்பதால் மீனைப் பிடித்து நிறுத்தும். வைஸில் (முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) மாட்டுவதற்கு முன்பே முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். முள் உடைவதானால் அப்போதே உடையட்டும், முழு ஃப்ளையையும் கட்டிய பிறகு வேண்டாம்.

நூல்: கறுப்பு 70 டெனியர் (நூலின் பருமனைக் குறிக்கும் அளவு). உங்கள் நூல் அறுவதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்கும். ஒன்று, பாபினை (நூல் சுருளைப் பிடிக்கும் கருவி) இறக்கும்போது முள்ளின் கூர் நூலை உரசுகிறது. வைஸில் முள்ளைச் சற்றே சாய்த்து, கூரைத் தாடைக்குள் மறைத்துப் பாருங்கள். மற்றது, இழுவிசை. இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு: வெறும் முள்ளில் பத்துச் சுற்று சுற்றி, வேண்டுமென்றே நூல் அறும்வரை மெதுவாக இழுங்கள். ஐந்தாறு தடவை செய்தால் எந்த இடத்தில் அறும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். மல்லிகை கட்டுபவர்கள் காம்பு நசுங்காமலும் பூ உதிராமலும் நாரை இறுக்குவதும் இதே விரல் கணக்குதான்.

காதுக்குப் பின்னால், காதின் நீளம் அளவுக்கு வெற்றிடம் விட்டு நூலைத் தொடங்குங்கள். இந்த வெற்றிடம்தான் காது அடைபடாமல் காப்பாற்றுவது. தலைமுடி போன்ற மிக மெல்லிய வெள்ளிக் கம்பியை அங்கேயே வைத்து, வளைவு தொடங்கும் இடம்வரை நூலால் மூடிக்கொண்டே போங்கள். பாதியிலிருந்து கட்டினால் அந்த இடத்தில் முட்டு விழும். இந்த அளவில் ஒரு முட்டுகூடத் தொப்பையாகத் தெரியும்.

இங்கே ஒரு நொடி நிறுத்துங்கள். சுற்றச் சுற்ற நூல் முறுக்கேறி, கயிறு மாதிரி உருண்டிருக்கும். வலக்கைக்காரரானால், மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் பாபினைச் சுழற்றிவிடுங்கள். முறுக்குப் பிரிந்து நூல் நாடாபோல் தட்டையாகும். அந்தத் தட்டை நூலால் ஒரே அடுக்காக முன்னோக்கிச் சுற்றி வந்தால், உடல் வழவழப்பாக, பின்னால் மெலிந்து முன்னால் சற்றே தடித்து அமையும். முறுக்கைப் பிரிக்காமல் சுற்றிய ஃப்ளையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது கரடுமுரடாகத் தெரியும். பிறகு கம்பியை இடைவெளி விட்டு நான்கைந்து சுற்று. உடலின் வளையங்கள் அவைதான்.

இனி மார்பு. கறுப்பு டப்பிங் இழையில் (நூலில் உருட்டும் பஞ்சு போன்ற இழை), கோலமாவு கிள்ளுவதைவிடக் குறைவாகக் கிள்ளுங்கள். கிள்ளியதில் பாதியைத் திருப்பி வைத்துவிடுங்கள். மீதியை நூலில் நன்றாக உருட்டி, இரண்டு சுற்றுக்கு மேல் போகாமல் சுற்றுங்கள். மார்புக்கும் காதுக்கும் இடையில், வெள்ளைப் பாலி நூலில் நாலைந்து இழையைக் குறுக்கே கட்டி மிகக் குட்டையாக வெட்டுங்கள். கூட்டுப்புழுவின் தலைப்பக்கம் வெண்ணிறச் செவுள்கள் இருக்கும், அதற்குத்தான் இது. நூலை முடிக்க நான்கு சுற்று விப் ஃபினிஷ் முடிச்சு. வார்னிஷை ஊசி முனையால் ஒரு புள்ளி தொட்டு வைத்து, காயும் முன் ஒரு வீணான இறகின் தண்டைக் காதுக்குள் விட்டு இழுத்துவிடுங்கள். ஆற்றங்கரையில் விரல் விறைத்து நிற்கும்போது அடைத்த காதில் டிப்பெட் (தூண்டில் கயிற்றின் மெல்லிய நுனி இழை) கோர்க்கும் கஷ்டம் இருக்காது.

இதையே மார்புக்குப் பதிலாக 1.5 மில்லிமீட்டர் மணி கோர்த்துக் கட்டினால் ஜீப்ரா மிட்ஜ். அரிசோனாவில், கிளென் கேன்யன் அணைக்குக் கீழே லீஸ் ஃபெரியில் பிறந்தது. மேலே ஒன்றும் நடக்காத காலை வேளையில் அடியில் விட நல்லது. மீன் ஏட்டை ஒட்டித் தின்னும்போது மணி வேண்டாம், சீக்கிரம் மூழ்கிவிடும்.

சிறகு முளைத்த பூச்சிக்கு அதே நூல் உடல், மேலே சிடிசி (வாத்தின் பின்பகுதி மென்மையான இறகு) ஒரு சிறு கொத்து, உடலைத் தாண்டி நீளாமல். அவ்வளவே. சிடிசியில் களிம்பு மிதப்பானைத் தடவாதீர்கள், இறகு ஒட்டிப்போய் நனைந்த கோழி மாதிரி ஆகிவிடும், பொடி போடுங்கள். குளிரில் பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு மிதக்கும்போது கிரிஃபித்ஸ் நாட் வேலை செய்யும். ட்ரவுட் அன்லிமிடெட் அமைப்பு 1959இல் மிச்சிகனில் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜார்ஜ் கிரிஃபித்தின் பெயர் தாங்கிய ஃப்ளை அது. மயிலிறகு இழை, அதன்மேல் சுற்றிய சேவல் கழுத்திறகு, வேறொன்றுமில்லை.

22ஆம் எண் ஃப்ளை நீரில் உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் 18ஆம் எண் கிரிஃபித்ஸ் நாட்டை முன்னால் கட்டி, அதன் வளைவிலிருந்து 35 செ.மீ. டிப்பெட்டில் கூட்டுப்புழுவைத் தொங்கவிடுங்கள். முன்னது நின்றாலோ நகர்ந்தாலோ கோலை மெல்ல உயர்த்துங்கள், வெட்டி இழுக்காதீர்கள். டிப்பெட் 6எக்ஸ் போதும் (எண் கூடினால் இழை மெலியும்). தெளிந்த, மெதுவான நீரில் 7எக்ஸ். அதன் தடிமன் சுமார் 0.10 மி.மீ.

நன்றாகக் கட்டிய ஃப்ளையையும் மீன் மறுத்தால், பெட்டியைத் திறக்கும் முன் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு கயிறு இழுத்தாலும் ஃப்ளை நீரோடு போகாமல் தனியாக நகரும், ட்ரவுட் அதைக் கண்டுபிடித்துவிடும். நீர் வரும் பக்கத்தில், மீனுக்குச் சற்றுப் பக்கவாட்டில் நின்று, நீரோட்டத்தின் திசையில் தளர்வாக வீசிப் பாருங்கள். ஃப்ளையை மாற்றிச் சாதிக்காததைப் பல நாள் நான் இரண்டடி நகர்ந்து சாதித்திருக்கிறேன்.

24க்கு இப்போதே போக வேண்டாம். ஒரே உட்காரலில் 20இல் ஒரு டஜன், அடுத்த வாரம் 22இல் ஒரு டஜன் கட்டுங்கள். மேசையில் வெள்ளை அட்டையை வைஸுக்குப் பின்னால் நிறுத்தினால் கறுப்பு நூல் தெளிவாகத் தெரியும். பன்னிரண்டையும் வரிசையாக வைத்து, பருத்துப்போனவற்றைப் பிளேடால் அறுத்து முள்ளை மீட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை டெக்கர்ஸ் போகும்போது சின்ன மீன்தொட்டி வலை ஒன்றையும் எடுத்துப் போங்கள். நீர்மட்டத்தில் ஒரு நிமிடம் பிடித்தால் அன்றைக்கு மிதந்து வரும் கூட்டுப்புழு அதில் சிக்கும். அதை உங்கள் ஃப்ளைக்குப் பக்கத்தில், உள்ளங்கையில் வைத்து அளந்து பாருங்கள்.