கல்வெட்டில் உண்மையான நினைவுகள் வருவதற்கு என்ன செய்யலாம்?

கேட்டவர் யாழ்ப்பாணத்துக்காரர். தந்தையார் காலமாகி இரண்டு வாரம் ஆகிறதாம். 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அச்சிடவேண்டும். உறவினர்களும் நண்பர்களும் எழுதி அனுப்புவதெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது, அப்பாவை அதற்குள் தேடவேண்டியிருக்கிறது, என்ன செய்யலாம் என்பது கேள்வி.

உங்கள் துயரில் பங்குகொள்கிறேன். எங்கள் பெரியப்பா காலமானபோது கல்வெட்டைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: ஒருவர் இறந்த 31ஆம் நாள் உறவினருக்கும் அயலவருக்கும் கொடுக்கும் சிறு புத்தகத்தையே நாங்கள் கல்வெட்டு என்கிறோம். நினைவு மலர் என்றும் போடுவார்கள். முன்பக்கத்தில் படம், பிறகு திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, பஞ்சபுராணம், சிவபுராணம், புலம்பல் பாட்டுகள், வம்சவழி, கடைசியில் நன்றி நவிலல். திதி வெண்பாவைப் பழைய சம்பிரதாயம் என்று தள்ளிவிடாதீர்கள். இறந்த ஆண்டு, மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி என்பதெல்லாம் அந்த நாலு வரிக்குள் அடங்கிவிடும். திவசத்துக்கு நாள் பார்க்கும்போது வீட்டில் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.

புலம்பல் பாட்டுகளைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரிசையாக வரும். ஊரில் புலவர் ஒருவர் இருந்து, இறந்தவரை நேரில் அறிந்து பாடிய காலத்தில் அவற்றுக்கு உயிர் இருந்தது. இப்போது அச்சகத்துக் கணினியில் தயாராக இருக்கும் பாட்டில் பெயரை மட்டும் மாற்றிப் போடுகிறார்கள். கலியாணமே செய்யாத ஒரு ரீச்சருக்குப் பேரப்பிள்ளைகள் புலம்பியதை நான் வாசித்திருக்கிறேன். உங்கள் ஊரில் இன்னும் பாடத் தெரிந்தவர் இருந்தால் அவரிடம் போங்கள். இல்லையென்றால் ஒரு தேவாரத்தைப் போட்டுவிட்டு அந்தப் பக்கங்களை நினைவுகளுக்கு விடுங்கள். அச்சகத்துக்காரர் வற்புறுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்றால் பிழை பெரும்பாலும் கேட்கும் விதத்தில் இருக்கிறது. 'ஐயாவைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள்' என்றால் யாரும் உடனே மேடையேறிவிடுவார்கள். பண்பாளர், பரோபகாரி, இன்முகத்தோடு வரவேற்பவர், அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது. எழுதியவர் மனத்தில் வேறு ஏதோ இருந்திருக்கும். அச்சில் வரப்போகிறது என்றதும் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மரண அறிவித்தலின் தமிழை வெளியே எடுக்கிறார். அதனால் ஆளைப் பற்றிக் கேட்காமல் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். அவர் உங்களைக் கோபித்த ஒரு நாள், உங்களிடம் இரவல் வாங்கிய ஒரு பொருள், அவருடைய கையெழுத்தில் உங்களிடம் இருக்கும் ஏதாவது, உங்கள் வீட்டுக்கு வந்தால் எந்தக் கதிரையில் இருப்பார். இப்படிக் கேட்டால் 'பரோபகாரி'க்கு அங்கே இடமே இருக்காது.

பெரியப்பா புகையிரத நிலைய அதிபராக இருந்தவர். மாகோ, வவுனியா, கொடிகாமம் என்று வடக்குப் பாதையில் பல நிலையங்களில் வேலை செய்துவிட்டு, கொழும்பு-யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி போரால் நிற்பதற்கு முன்பே ஓய்வு பெற்றுச் சாவகச்சேரியில் இருந்துவிட்டார். அவரைப் பற்றி எங்கள் வீட்டுக்குள் கேட்டால் ஒரே சொல்தான் வந்தது: கண்டிப்பு. பிள்ளைகள், மருமக்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். வீட்டுக்கு வெளியே போனபோதுதான் ஆள் தெரிய ஆரம்பித்தார். மாலையில் அவரோடு 304 என்ற சீட்டாட்டம் விளையாடும் ஒருவரிடம் கேட்டேன். கைக்கு ஜாக் வந்தால் பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாராம். 304இல் ஜாக்தான் பெரிய சீட்டு, தனியே முப்பது புள்ளி. கண்ணாடி கழன்ற உடனே எதிர்ப்பக்கம் உஷாராகிவிடும். வருடக்கணக்காக இது நடந்திருக்கிறது, ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பிறகு எப்படி வெல்வது என்று அந்த மனிதர் என்னையே திருப்பிக் கேட்டார். இதைப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அந்த வீட்டில் முதல்முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

யார் கேட்கிறார் என்பதும் முக்கியம். மனைவியோ மூத்த மகனோ கேட்டால் எதிரில் இருப்பவர் ஆறுதல் சொல்லத்தான் பார்ப்பார், கதை சொல்லமாட்டார். ஒரு எட்டுத் தள்ளி நிற்கும் மருமகன், பெறாமகள் (உடன்பிறந்தாரின் மகள்), பேத்தி போன்றவர்கள் போய்க் கேட்கட்டும். வயதானவர்களை எழுதச் சொல்லாதீர்கள். பின்னேரம் ஒரு தேநீர் நேரத்தில் போய் இருந்து, கைபேசியில் குரலைப் பதிவு செய்து, அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். கொஞ்சம் அலைச்சல்தான். துடக்கு (தீட்டு) நாட்களில் வீட்டுக்கு வருபவர்கள் விறாந்தையில் இருந்து தங்களுக்குள் பேசிக்கொள்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள். எழுதித் தருவதைவிட அங்கே பேசுவதில் சரக்கு அதிகம்.

குடும்பத்துக்கு வெளியே யாரைத் தேடுவது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் இடப்பெயர்வு ஒரு நல்ல வழிகாட்டி. 1995 அக்டோபர் 30ஆம் தேதி, இராணுவம் முன்னேறி வந்தபோது, குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமம் ஏறத்தாழ முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலம் கடந்து, சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிக்கு வந்தது எங்களில் எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா வீட்டில் அப்போது முன்பின் தெரியாத பல குடும்பங்கள் இருந்தன. அதில் ஒரு வீட்டுப் பெண் இப்போது லண்டனில் இருக்கிறார். மரண அறிவித்தலைப் பார்த்துவிட்டு அவரே தொலைபேசியில் பேசினார். இருந்தது ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். வந்த மறுநாளே பெரியப்பா சோக்கட்டியால் குசினிக் (சமையலறை) கதவில் நேர அட்டவணை எழுதிவிட்டாராம். இன்ன குடும்பம் இத்தனை மணிக்குக் கிணற்றடி, கைக்குழந்தை உள்ளவர்களுக்கு முதலிடம், பெண்கள் குளிக்கும் நேரத்தில் ஆண்கள் ஒருவரும் பின்வளவுக்குப் போகக்கூடாது. யாராவது பிந்தினால் கதவடியில் நின்று, வண்டி வெளிக்கிட்டுவிட்டது, அடுத்த வண்டிக்கு நில்லுங்கள் என்பாராம். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. ஊரை விட்டு வந்த பயம் தனக்கு அந்தக் கதவைப் பார்த்துத்தான் குறைந்தது என்றார். நாளைக்குக் காலை என்ன நடக்கும் என்பது அங்கே எழுதியிருந்ததாம். நாங்கள் கண்டிப்பு என்று சொன்ன அதே குணம்தான் இது.

அந்த வீடும் கதவும் இப்போது இல்லை. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரியில் மிஞ்சிய கூரைகள் குறைவு. எங்கள் படப் பெட்டியும் அதோடு போய்விட்டது. உங்கள் வீட்டிலும் படங்கள் இல்லையென்றால் வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். எண்பதுகளில் போனவர்கள் கொண்டுபோன கலியாண ஆல்பங்களில், பின்வரிசையில், உங்கள் அப்பா நிற்பார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும், அச்சில் முகம் கலங்கித் தெரியும். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

இனி எங்களுக்குப் பெரிய சிக்கல் தந்த விஷயம். பெரியப்பாவும் அவருடைய தம்பியும், அதாவது என் சித்தப்பா, வேலிச் சண்டையில் பல வருடம் பேசாமல் இருந்தவர்கள். பக்கத்து வளவுதான். யாரோ கதியாலை, அதாவது வேலிக்கு நடும் தடியை, ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார்கள், யார் என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. சித்தப்பா கனடாவிலிருந்து நீண்ட குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். பேசாத அந்தக் காலத்திலும் பெரியப்பா ஈழநாடு பத்திரிகையை வாசித்து முடித்து, நாலாக மடித்து, வேலியில் பூவரசங்கிளைக்கும் கிடுகுக்கும் இடையே செருகிவிட்டுப் போவாராம். சித்தப்பா வந்து எடுத்துக்கொள்வார். ஒருநாள் பத்திரிகை வரவில்லையாம். என்னவோ ஏதோ என்று சித்தப்பா மனைவியை அனுப்பிப் பார்த்தால் பெரியப்பாவுக்குக் காய்ச்சல். சித்தி கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்போதும் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. 'அண்ணனோடு நான் பேசாமல் இருந்ததை மறைக்காமல் போடு, பேப்பரையும் போடு' என்று பதிவு முடிகிறது.

போடக்கூடாது என்று வீட்டில் பாதிப் பேர் நின்றார்கள். ஊருக்குத் தெரிந்த சண்டையைப் புத்தகத்திலும் ஏற்றவேண்டுமா, பெண் கேட்டு வருபவர்கள் வாசிப்பார்களே என்றெல்லாம் பேச்சு வந்தது. நான் சொன்னது இதுதான்: ஊருக்குச் சண்டை தெரியும், பத்திரிகை தெரியாது. கடைசியில் பெரியம்மாதான் தீர்ப்புச் சொன்னார். சண்டை நடந்ததற்கு நானே சாட்சி, போடு என்றார். சித்தப்பாவின் வார்த்தைகளிலேயே போட்டோம். யார் கதியாலைத் தள்ளினார் என்ற வரியை மட்டும் அவருடைய சம்மதத்தோடு எடுத்துவிட்டோம்.

ஆகவே எதைப் போடுவது, எதை விடுவது என்பதற்கு என் அளவுகோல்: இறந்தவரின் கோபம் வரலாம், பிடிவாதம் வரலாம், தோல்வியும் வரலாம். உயிரோடு இருப்பவர் ஒருவரை ஊர் முன் தலைகுனிய வைக்கும் எதுவும் வரக்கூடாது. கடன் கணக்கு, கடைசி நாட்களின் நோய் விவரம் இரண்டையும் நான் தொடமாட்டேன். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் சமரசம் செய்து மூன்றாவதாக ஒன்றை உருவாக்காதீர்கள். இரண்டையும் அவரவர் பெயரோடு போடுங்கள்.

வம்சவழியில் மட்டும் சமரசமே வேண்டாம். கல்வெட்டுகளில் பெயர் விடுபடுவது பெரும்பாலும் தற்செயல் இல்லை. சாதி மாறிக் கலியாணம் செய்த மகள், முதல் தாரத்துப் பிள்ளை, போராட இயக்கத்துக்குப் போய்த் திரும்பாத மகன் என்று யாரையாவது மெல்ல விட்டுவிடுவார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதற்குப் பிறகு வீட்டில் இருந்த காணி உறுதிகளும் கடிதங்களும் இடப்பெயர்வுகளில் போயின. பல குடும்பங்களுக்கு இன்று எழுத்தில் மிஞ்சியிருப்பது இந்த மெல்லிய புத்தகம் ஒன்றுதான். அதில் இல்லாத பெயர் பிறகு வேறெங்கும் இருக்காது. எல்லாப் பெயரையும் போடுங்கள். பெண்களின் பெயரை 'திருமதி இன்னார்' என்று கணவர் பெயருக்குள் மறைக்காமல் சொந்தப் பெயரோடு போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு கிளையிலும் மூத்தவர் ஒருவருக்குக் காட்டுங்கள். எழுத்துப் பிழையைப் பொறுப்பார்கள், பெயர் விட்டதைப் பொறுக்கமாட்டார்கள்.

கால அளவையும் சொல்லிவிடுகிறேன். அச்சகத்துக்கு ஒரு வாரமாவது, அதற்கு முன் தொகுத்துச் சரிபார்க்கச் சில நாட்களும் வேண்டும் என்றால், இருபதாம் நாளுக்கு மேல் வரும் எதையும் சேர்க்கமுடியாது. உங்களிடம் இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அதனால் எல்லோரையும் துரத்தாமல், அப்பாவின் வாழ்க்கையில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒருவராகப் பிடியுங்கள்: பள்ளிக்கூடம், முதல் வேலை, இடம்பெயர்ந்து இருந்த ஊர், கடைசிக் காலத்து அயல். பிந்தி வருபவற்றை ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள், ஆண்டுத் திவசத்துக்கு ஒரு சிறு இணைப்பாகப் போடலாம். அச்சான பிரதிகளில் ஒன்றை 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்துக்குக் கொடுங்கள். நினைவு மலர்களையும் அவர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கிறார்கள்.

இன்னொன்று, வாசிப்பு. கீரிமலையில் கிரியை முடித்து வந்து வீட்டுக் கிருத்தியம் நடக்கும் நாளில், கல்வெட்டை உரக்க வாசிக்கும் வழக்கம் முன்பு இருந்தது. இப்போது பொட்டலத்தோடு கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் வாசியுங்கள். முழுவதும் வேண்டாம், இரண்டு மூன்று நினைவுகள் போதும். எழுதியவர்களையே வாசிக்க விட்டால் பாதியில் குரல் உடைந்துவிடும், நல்ல குரல் உள்ள வேறு ஒருவரை முன்கூட்டியே பிடித்துவையுங்கள். கட்டாயம் சாப்பாட்டுக்கு முன்பு வையுங்கள். பாயசம் முடிந்தபிறகு எங்கள் சனம் ஒரு நிமிடமும் நில்லாது.