ஓடி வந்த டயரில் 38 பிஎஸ்ஐ: காற்றை இறக்கலாமா?
காலையில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வைத்த டயர், நெடுஞ்சாலையில் ஓடி வந்ததும் 38 காட்டுகிறது என்கிறீர்கள். இறக்காதீர்கள், அது சரியான அளவுதான். உங்கள் கணக்கில் 72.6 வந்து பயமுறுத்தியதற்குக் காரணம், டயர் 25 டிகிரி செல்சியஸிலிருந்து 55-க்குச் சூடேறியது என்று 33-ஐ நேராக 55/25 ஆல் பெருக்கியது. கேஜ் (அழுத்தம் அளக்கும் கருவி) வளிமண்டல அழுத்தத்தை விட்டுவிட்டுத்தான் காட்டும்; அந்த 14.7 பிஎஸ்ஐ-யைச் சேர்த்தால் 47.7. வெப்பநிலை கெல்வினில் (செல்சியஸுடன் 273 கூட்டியது) வேண்டும்: 25 டிகிரி என்றால் 298, 55 என்றால் 328. டயரின் கன அளவு பெரிதாக மாறாது; அதனால் அழுத்தம் கெல்வின் வெப்பநிலையின் விகிதத்திலேயே ஏறும். ஆக 47.7 × 328 ÷ 298 = 52.5, அதில் 14.7 போக 37.8.

சூட்டிலேயே 33-க்கு இறக்கினால் மறுநாள் காலை 28.6 தான் நிற்கும். பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி டயர் இன்னும் சூடேறும். நைட்ரஜனுக்கும் இதே கணக்குதான், கடைக்காரர் என்ன சொன்னாலும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு அளந்து, கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவை வையுங்கள்.